தாய் உள்ள அநாதைகள்

கட்கி ரயில் நிலையத்திலிருந்து கணேஷ்கிண்ட் பக்கமாகச் சென்றால், சிறிது தொலைவிலேயே புணே பல்கலைக்கழகத்தின் அடர்ந்த மரங்கள் கண்ணிற்படும். முற்காலத்தில் பம்பாய் மாகாணக் கவர்னரின் மாளிகையாக இருந்த இடம் அது. 1949-ஆம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழகம் அமைந்தது. 2014-ஆம் ஆண்டில் அதற்குச் சாவித்திரிபாய் புலே அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. கட்கியில் வாழும் தமிழர் பலர் நாள்தோறும் அப்பெயரைப் படித்துக்கொண்டே செல்கின்றனர். அவர் பெண்களுக்குப் பள்ளி வைத்தவர் என்பது யாவரும் அறிந்தது. அவரும் அவர்தம் கணவர் ஜோதிராவும் தங்கள் வீட்டு வளவிலேயே கைம்பெண்களுக்குப் பேறுகால இல்லம் ஒன்றையும் நடத்தினர் என்பதை அறிந்தவர் குறைவு. அவ்வில்லத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நம் நாட்டில் குழந்தைகளைக் காக்க எழுந்த சில முயற்சிகளையும் பற்றி இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அடிக்கடி இடறும் சொற்களுள் 'அநாதை' என்பது ஒன்று. நாதன் என்றால் தலைவன், காப்பவன். அவன் இல்லாத நிலையே அநாதை நிலை. தாயைப் பற்றி அச்சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தாய் உயிரோடிருந்தும், அவளுக்கு வீடும் வருவாயும் துணையும் இல்லாமற் போனால் அவள் குழந்தை அநாதையாயிற்று. பழைய ஆங்கில வழக்கும் ஏறக்குறைய இதுவே. தந்தையை இழந்த பிள்ளைகளைத் திரட்டி வைத்த இடங்களுக்கு அநாதை விடுதி என்றே அவர்களும் பெயரிட்டனர். உள்ளே இருந்த குழந்தைகள் பலருக்குத் தாய் வெளியே இருந்தாள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், குழந்தை நலத்தின் வரலாறு வேறு விதமாகத் தோன்றுகிறது.

கட்கி படையினால் வளர்ந்த ஊர். 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படைக்கும் கும்பினிப் படைக்கும் போர் நடந்த இடம். பின்னர் அங்கே பாளையம் எழுந்தது; 1869-ஆம் ஆண்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது; பம்பாய் சாப்பர் படைப்பிரிவின் தலைமையிடமும் கட்கியிலேயே அமைந்தது. பாளையம் இருக்குமிடத்தில் அதற்கு வேண்டிய பண்டமும் உழைப்பும் வேண்டுமன்றோ? அவ்வழியே வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. கட்கிக் கடைவீதியில் தமிழைக் கேட்டு இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே பாளையத்துக் குழந்தைகளிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

பழைய சென்னைப் படைக்கு ஒரு தனி இயல்பு இருந்தது. வட இந்தியச் சிப்பாய் மனைவி மக்களைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வருவான். சென்னைச் சிப்பாயோ குடும்பத்தோடு இடம் பெயர்வான். படைப்பிரிவு எங்கே போகிறதோ அங்கே மனைவியும் மக்களும் கிழவியும் ஆடு கோழியும் போகும். இதனால் அணிவகுப்பு தாமதமாகிறது என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டதுண்டு. ஆனால் அதே அதிகாரிகள், சிப்பாய் இறந்துபட்டால் அவன் குடும்பம் நடுவழியில் நிற்கும் என்பதையும் கண்டனர். இறந்த சிப்பாயின் சிறுவயது மகனைப் படைப்பட்டியலிலேயே சேர்த்து, அவன் பேரில் ஒரு சிறு தொகை கொடுத்து வந்தனர். பென்ஷன் பையன்கள் என்று அவர்களுக்குப் பெயர். பின்னாளில் நல்ல சிப்பாய் கிடைப்பான் என்ற கணக்கும் அதில் இருந்தது. கும்பினியார் தருமத்துக்காக மட்டும் பணம் செலவிட்டவர்கள் அல்லர். ஆயினும் விளைவைப் பாருங்கள்: பையன் தாயுடன் இருந்தான், அவன் பேரில் வந்த காசில் தாயும் தங்கைகளும் உண்டனர்.

அதே சென்னையில், அதே படையில், ஐரோப்பியச் சிப்பாய்க்கு இந்தியப் பெண்ணிடம் பிறந்த குழந்தைக்கு நடந்தது வேறு. அத்தகைய பெண் குழந்தைகளுக்கு 1787-ஆம் ஆண்டில் ஒரு விடுதியும், ஆண் குழந்தைகளுக்கு 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் ஒரு விடுதியும் தோன்றின. இன்று எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் பகுதியில் அப்போது இருந்த சிறு கோட்டையில்தான் ஆண் குழந்தைகள் வைக்கப்பட்டனர். அதன் மேற்பார்வையாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் விடுதியிலும் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-ஆம் ஆண்டில் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அதுவே 'சென்னை முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளி உலகுக்குப் பாடம் சொன்னது என்று நாம் பெருமை பேசும் கதை இது; பெருமை பொய்யன்று.

ஆனால் அந்தக் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அக்குழந்தைகளின் குறைகளுக்கெல்லாம் தாயின் கூட்டுறவே காரணம் என்பது பெல் பாதிரியாரின் உறுதியான கருத்து. தாயிடமிருந்து பிரித்தெடுப்பதே நல்வழிப்படுத்தும் முதற்படி என்று விடுதி கருதியது. அவருடைய நூலில் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்கு இடமுண்டு. மணலெழுத்துக் கற்பித்த சிறிய ஆசிரியன் அவன். தாய்மார்களோ குற்றஞ்சாட்டப்படும்போது மட்டுமே அதில் வருகின்றனர். பென்ஷன் பையனின் தாயும் இவர்களும் ஒரே பாளையத்துக் கிணற்றில் நீர் மொண்டவர்களாக இருக்கக்கூடும். ஒருத்தியின் குழந்தையை அவளிடமே விட்டுக் காசு கொடுத்தனர். மற்றவளின் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினர். எவ்வழி குழந்தைக்கு நன்று என்று ஆராய்ந்து செய்ததன்று இது. யாருடைய குழந்தை என்று பார்த்துச் செய்தது.

இனிப் புணேக்குத் திரும்புவோம். கட்கியிலிருந்து சில மைல் தொலைவில், நகரத்தின் பேட்டைகளில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் ஒரு கொடுமை நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. பிராமணக் குடும்பங்களில் இளம் வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் பலர். மறுமணம் 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டிருந்தும் வழக்கில் இல்லை. வீட்டிலுள்ள ஆடவனாலோ அயலானாலோ அப்பெண் கருவுற்றால், கருவை அழிக்க மருந்துண்பாள். அது பலிக்காவிட்டால், பிறந்த குழந்தையை அழிப்பாள். அந்த ஆடவன் பெயர் வெளியே வராது.

ஜோதிராவின் நண்பர் கோவண்டே என்பவர் வீட்டில் காசிபாய் என்னும் இளங்கைம்பெண் சமையல் வேலை பார்த்து வந்தாள். அக்கம்பக்கத்துச் சாஸ்திரி ஒருவனால் கருவுற்றாள். மருந்துகளால் பயனில்லை. குழந்தை பிறந்ததும் அதைக் கொன்று கிணற்றில் எறிந்தாள். வழக்கு நடந்தது, அவளுக்கு ஆயுள் முழுதும் தீவாந்தர தண்டனை கிடைத்தது. அந்தமானுக்கு அனுப்பப்பட்டாள். சாஸ்திரிக்கு ஒரு தண்டனையும் இல்லை. இதைக் கண்டு பொறாமல், 1863-ஆம் ஆண்டில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் தம் வளவிலேயே சிசுஹத்தித் தடுப்பு இல்லத்தைத் திறந்தனர். நகரில் விளம்பரத் தாள்கள் ஒட்டப்பட்டன. இங்கே வந்து மறைவாகவும் பத்திரமாகவும் பிள்ளை பெறலாம். விரும்பினால் குழந்தையைக் கொண்டுபோகலாம், விரும்பினால் விட்டும் போகலாம் என்பதே அறிவிப்பின் கருத்து.

அந்த விருப்பத்தில்தான் புதுமை இருந்தது. எழும்பூரில் தாயை விலக்கிக் குழந்தையை எடுத்தார்கள். இங்கே தாயே முதலில் ஏற்கப்பட்டாள். சூல்கொண்டவளாய் வரும்போதே அவளுக்குப் படுக்கையும் உணவும் காப்பும் கிடைத்தன. அவளைக் காவாமல் குழந்தையைக் காக்க இயலாது என்பதைப் புலே தம்பதியர் எந்த நூலையும் பார்த்து அறிந்ததாகத் தோன்றவில்லை. காசிபாயின் வழக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.

பலன் என்ன என்று கேட்கலாம். 1884-ஆம் ஆண்டில், குழந்தை மணத்தையும் கட்டாயக் கைம்மையையும் கண்டித்து மலபாரி என்னும் பார்சிப் பெரியார் வெளியிட்ட குறிப்புகளுக்குத் தம் கருத்தைத் தெரிவித்த ஜோதிராவ், தம் இல்லத்தின் கணக்கையும் அதில் மறைக்காமல் எழுதினார். அதுவரை வந்து பிள்ளை பெற்றவர் 35 பேர். அக்குழந்தைகளில் உயிரோடிருந்தவை 5. எஞ்சிய 30 குழந்தைகளும், தாய்மார் முன்னரே உண்டிருந்த கொடிய மருந்துகளால் கருவிலேயே ஊறுபட்டு, பிழைக்காமற் போயின. அறநிலையங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளைத் தொழில் முறையில் நாம் நிறையப் படித்திருக்கிறோம். முப்பத்தைந்தில் முப்பது தவறின என்று தானாகவே எழுதிய நிலையம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. இல்லம் தோற்றது என்று அக்கணக்கைப் படிப்பது தவறு. அந்தப் பெண்கள் இல்லத்தின் வாயிலுக்கு வந்து சேரும்முன் எத்தனை வாயில்கள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன என்பதையே அது காட்டுகிறது. உதவி காலந்தாழ்ந்து வந்தது. தாழ்த்தியது இல்லம் அன்று.

அவ்வில்லத்தில் 1874-ஆம் ஆண்டை ஒட்டிக் கைம்பெண் ஒருத்திக்குப் பிறந்த ஆண் குழந்தையைப் புலே தம்பதியர் தம் மகனாக ஏற்றனர். அவன் பெயர் யஷ்வந்த். தமக்குப் பின் உடைமை அவனுக்கே சேர வேண்டுமென 1887-ஆம் ஆண்டில் ஜோதிராவ் உயில் எழுதினார். 1890-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அவர் காலமானபோது, யஷ்வந்த் கொள்ளிச்சட்டி ஏந்துவதை உறவினர் தடுத்தனர். அப்போது சாவித்திரிபாயே சட்டியைக் கையில் ஏந்தி முன்னே நடந்தார். யஷ்வந்த் மருத்துவம் கற்றார். படையிலும் மருத்துவராகப் பணி செய்தார். 1897-ஆம் ஆண்டில் புணேயைப் பிளேக் நோய் பிடித்தபோது, நகருக்கு வெளியே ஹடப்சர் பக்கத்தில் தாயும் மகனும் மருத்துவ முகாம் நடத்தினர். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே முதுகில் சுமந்து வந்த சாவித்திரிபாய்க்கு அந்நோய் தொற்றியது. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அடுத்து வந்தவர்களின் கதை விரிவாகத் தெரிந்ததே, விரைந்து சொல்லலாம். 1875-ஆம் ஆண்டில் பண்டரிபுரத்தில் சிசுஹத்தியைத் தடுக்க மற்றோர் இல்லம் எழுந்தது. பண்டித ரமாபாய், தாமே ஒரு பெண் குழந்தையுடன் கைம்மையுற்றவர், 1889-ஆம் ஆண்டில் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே புணேக்கு மாற்றினார். கார்வே அவர்கள் 1896-ஆம் ஆண்டில் அமைத்த கைம்பெண் இல்லத்திற்கு இட்ட பெயரே அநாத பாலிகாசிரமம். அங்கிருந்த பெண்களுக்குப் பெற்றோர் இருந்தனர், மாமன் மாமியார் இருந்தனர். நாதன் மட்டுமே இல்லை. சொல்லின் பொருள் அப்படியே பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அடைக்கலம் கேட்டதே அதற்குத் தொடக்கம். இதை இங்கே குறிப்பிடக் காரணமுண்டு. குடும்பத்தோடு குழந்தையை வைத்திருப்பதே எப்போதும் நன்று என்று முடிவு கட்டிவிடலாகாது. அச்சிறுமியர் தம் குடும்ப வழக்கத்திலிருந்தே தப்பி வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது அறமாகாது. எனவே விடுதி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று கேள்வி. குழந்தை ஏன் வீட்டை விட்டு வந்தது என்று யாராவது கேட்டார்களா என்பதே கேள்வி. அம்மையார் கேட்டார்.

சட்டம் இவ்வழியில் மெதுவாகவே நடந்தது. இந்திய மாகாணங்களில் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் செய்தது சென்னை, 1920-ஆம் ஆண்டில். வங்காளம் 1922-ஆம் ஆண்டிலும், பம்பாய் 1924-ஆம் ஆண்டிலும் தொடர்ந்தன. ஆதரவற்ற குழந்தையைச் சான்று பெற்ற பள்ளிக்கு அனுப்பலாம், அல்லது உறவினரிடமோ தக்க நபரிடமோ ஒப்படைக்கலாம் என்று சென்னைச் சட்டம் வகை செய்தது. உறவினரை ஏட்டில் எழுதியவர்கள், அந்த உறவினர் எதைக் கொண்டு குழந்தைக்குச் சோறிடுவார் என்று எழுதவில்லை. பள்ளிக்குப் படித்தொகை உண்டு, பாட்டிக்கு இல்லை. பணம் எங்கே போகிறதோ குழந்தையும் அங்கே போகும். விடுதிகள் பெருகின.

தொழிலாளர் சட்டங்களில்தான் தாயும் குழந்தையும் சேர்ந்து கண்ணில் பட்டனர் என்று சொல்லலாம். 1928-ஆம் ஆண்டு ஜூலையில் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நன்மைக்கே. ஆதலால் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்பது முறை என்பது அவர் வாதம். 1929-ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. பின்னர் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 1976-ஆம் ஆண்டில் அந்த எண் முப்பதாகக் குறைந்தது. அறை எப்படி இருக்க வேண்டும், வெளிச்சமும் காற்றும் எவ்வளவு, பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும், இடையிடையே தாய் வந்து பாலூட்ட வசதி வேண்டும் என்றெல்லாம் அதில் கருதியிருந்தனர். குழந்தைக்கும் தாய்க்கும் இடையே ஒரு சுவரளவு தூரம் மட்டுமே இருக்கட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்.

ஆனால் அச்சட்டம் பெண்களை மட்டுமே எண்ணியது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களில் ஆண்களே மிகுதி. தாயை இழந்த குழந்தையின் தந்தை அங்கே எத்தனை பேர் இருந்தாலும் காப்பகத்துக்கு வேண்டிய கணக்கில் ஒருவர்கூட ஏறமாட்டார். தந்தையைக் குழந்தை வளர்ப்பவராகச் சட்டம் காணத் தொடங்கியது மிக அண்மையில்தான். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு 1990-களின் இறுதியில் வந்தது. 2008-ஆம் ஆண்டில் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு கிடைத்தது. மனைவியின்றித் தனியே குழந்தையை வளர்க்கும் ஆண் ஊழியருக்கு அது 2018-ஆம் ஆண்டில்தான் நீட்டப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மகப்பேற்று உதவிச் சட்டம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. அங்கே ஊழியர் என்பதில் ஆணும் அடங்குவர். இவையெல்லாம் மாதச் சம்பளக்காரர்க்கு. கட்கிச் சந்துகளில் வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கும், அவள் திரும்பும்வரை பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் இவற்றில் இடமில்லை. உண்மையில் அந்த ஆயாதான் நம் நாட்டின் பெரிய காப்பகம். அவருக்குப் பதிவேடு இல்லை, படித்தொகையும் இல்லை.

தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, புணேயின் பழைய விளம்பரத் தாள் நினைவுக்கு வராமலிராது. கொல்ல வேண்டாம், எம்மிடம் விட்டுச் செல் என்றது அத்திட்டம். பல உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துப் பேசுவது நன்றன்று. ஆயினும் தொட்டில் தாங்குவது குழந்தையை மட்டுமே. 1863-ஆம் ஆண்டின் இல்லத்தில் தாய்க்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தது.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், விடுதி கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் நெறிகளாக வகுத்தது. 2022-ஆம் ஆண்டின் வாத்சல்யத் திட்ட விதிகள், கைம்பெண்ணோ கைவிடப்பட்டவளோ ஆன தாயிடம் வாழும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி அளிக்க வழி செய்தன. மகாராஷ்டிர அரசு, ஆதரவற்ற குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல், எஞ்சியிருக்கும் பெற்றோரிடமோ உறவினரிடமோ வைத்து வளர்க்கப் பணம் கொடுக்கும் பால சங்கோபனத் திட்டத்தை நடத்தி வந்தது. அதற்கும் இப்போது சாவித்திரிபாய் புலே பெயரையே வைத்திருக்கின்றனர். பென்ஷன் பையனின் தாய்க்குச் சென்னைப் படை கொடுத்த காசுக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அநாதை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பெற்றோரோ வளர்ப்புப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தை என்பது முதற்பகுதி. பாதுகாவலர் இருந்தும் குழந்தையை ஏற்க மனமில்லாதவராகவோ, காக்க இயலாதவராகவோ இருந்தால் அக்குழந்தையும் அநாதையே என்பது இரண்டாம் பகுதி. மனமில்லாமை ஒன்று, இயலாமை வேறொன்று. சட்டம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கியிருக்கிறது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, அவ்விரண்டுக்கும் இடையில் 'அல்லது' என்ற சொல்லை இட்டுவிட்டு நாம் நெடுநேரம் மேலே எழுதாமல் இருந்தோம்.